திரிசிராப்பள்ளிக் குன்றின் உச்சி

குத்தாலத்தின் வயல்வெளியில் நின்று நாற்றிசையும் நோக்குவோருக்கு மலை எதுவும் தென்படுவதில்லை. இச்சமவெளியில் உயரம் வேண்டியோர் அதனைக் கட்டிக்கொள்ளவே வேண்டியிருந்தது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814–15இல் இரண்டாம் சரபோஜி மல்லிப்பட்டினத்தருகே எழுப்பிய எட்டடுக்கு மனோரா அத்தகையது. 'மனாரா' என்னும் அறபுச் சொல் அப்பெயரில் ஒலிக்கின்றது. ஒளி தருமிடம் என்பது அதன் நேர்ப்பொருள்.

காவிரியின் மேற்கே திரிசிராப்பள்ளியிலோ, ஏறக்குறைய 270 அடி உயரமுள்ள பாறையே காவற்கோபுரமாயிற்று. உச்சியில் நின்றால் திருவரங்கத் தீவும், இருபுறமும் காவிரியும் கொள்ளிடமும், தெற்கே பொன்மலையும் ஒருங்கே புலனாகும். எந்தப் படை எவ்வழி வரினும் இங்கிருப்போர் கண்ணுக்குத் தப்புதல் அரிது.

1751இல் சந்தா சாஹிபு பிரெஞ்சுக்காரர் துணையோடு இக்கோட்டையை முற்றுகையிட்டார்; உள்ளே இருந்தவர் நவாபு முஹம்மதலி வாலாஜா. மறு ஆண்டு ஜூனில் திருவரங்கத்தில் சந்தா சாஹிபு சரணடைந்து கொல்லப்பட்டார். ஆயினும் போர் ஓயவில்லை. நகரை மைசூருக்குத் தருவதாகச் சொன்ன வாக்கை நவாபு காக்கவில்லை. உதவிக்கு வந்த மைசூர்ப் படையே பகையாயிற்று.

1753இல் நெல் தீர்ந்தது. காவற்படைத் தலைவர் கேப்டன் டால்டன் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தபோது, பல மாதங்களுக்கென வைத்திருந்த தானியத்தைப் பெரும்பகுதியும் நவாபின் மைத்துனர் விற்றுத் தீர்த்திருந்தமை தெரியவந்தது. பகைவரைத் தொலைவிலேயே காணவல்ல அவ்வுச்சியின் காவல், அடிவாரக் களஞ்சியத்தில் நடந்ததைக் காணவில்லை! பசியால் குடிகள் ஊரைவிட்டு அகன்றனர். தொண்டைமான் சீமையிலிருந்து வந்த அரிசி மூட்டைகளே எஞ்சியோரைக் காத்தன. அவ்வரிசி வண்டிகளுக்குக் காவலாய் நின்றவருள் முதன்மையானவர், பின்னாளில் மருதநாயகம் எனப் பேசப்பட்ட யூசுப் கான். அவரையே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டனர்; செய்ந்நன்றியின் இலட்சணம் அவ்வளவுதான்.

1792இல் தாமஸ் டேனியலும் அவர் தமையன் மகன் வில்லியமும் வந்து இப்பாறையைத் தீட்டினர். அவர்களுக்கு முன்னரே கும்பினிப் படையைச் சார்ந்த பிரான்சிஸ் சுவெயின் வார்டு இதனை ஓவியமாக்கியிருந்தார். 1858இல் லின்னேயஸ் டிரைப் புகைப்படத் தொகுதியே வெளியிட்டார். டேனியல்கள் ஆற்றிலிருந்து தீட்டிய படத்தில் நீரும் நிழலும் அமைதியும் நிறைந்துள்ளன. அழகில் குறையில்லை; ஆனால் அவர்கள் வருவதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன் அங்கே நெல்லுக்கு அலைந்தோரை அப்படம் நமக்குச் சொல்லாது.

வாலாஜா 1795இல் சென்னையில் மறைந்தார். அவரது உடல் பின்னர் திரிசிராப்பள்ளிக்குக் கொணரப்பட்டு, நத்ஹர் வலி (ரஹ்) தர்காவில் அடக்கப்பட்டது. சந்தா சாஹிபின் கப்ரும் அவ்வளாகத்திலேயே உள்ளது.