ரவுட்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கும் சாம்பா

உங்க வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. நிறைய மாடல்ல பின்னாடி ஒரு யுஎஸ்பி போர்ட் இருக்கும். அதுல ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினா லேப்டாப், டிவி, ஃபோன் எல்லாத்துக்கும் அது பொது டிரைவ். அந்த டப்பாவுக்குள்ள ஓடுறது பெரும்பாலும் லினக்ஸ். அப்போ விண்டோஸோட மொழியை அது எங்கே கத்துக்கிச்சு? இன்னைக்கு அந்தக் கதைதான்.

அந்த மொழிக்குப் பேர் எஸ்எம்பி. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்-ல் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்து, விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் அடித்தளமாக்கியது.

1991 டிசம்பர், கான்பெரா. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பிஎச்டி மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். டாஸ் பிசியிலிருந்து யூனிக்ஸ் மெஷின்ல இருக்கிற ஃபைலை எடுக்கணும், அவ்வளவுதான் தேவை. கையில டாக்குமெண்ட் இல்லை. நெட்வொர்க்ல போற பாக்கெட்டுகளைப் பிடிச்சுப் பார்த்தே சர்வர் எழுதினார். பின்னாடி இதுக்கு அவர் சொன்ன உவமை அழகானது: பிரெஞ்சு தெரியாம ஒரு பிரெஞ்சு கஃபேல உட்கார்றோம். பக்கத்து டேபிள்ல என்ன சொன்னா என்ன வருதுன்னு கவனிச்சே மொழியைப் பிடிக்கிறோம்.

முதல்ல வெச்ச பேர் இன்னொரு கம்பெனியோட டிரேட்மார்க்ல இடிச்சுது. அகராதி ஃபைலை எடுத்து, எஸ், எம், பி மூணும் வரிசையா வர்ற சொல்லைத் தேடினார். கிடைச்சது 'சாம்பா'.

இலவசம், ஓப்பன் சோர்ஸ். ரவுட்டர் கம்பெனிகளுக்கு வேற என்ன வேணும்? ஆனா 2008-ல் சாம்பா 3.2 ஜிபிஎல் மூணாம் பதிப்பு லைசென்ஸுக்கு மாறிச்சு. புது லைசென்ஸ் மேல தயக்கம் ஒரு பக்கம், ரவுட்டர்ல மெமரி பத்தாதது ஒரு பக்கம். பல கம்பெனிகள் பழைய 3.0-லேயே நின்னுட்டாங்க. அதுக்குத் தெரிஞ்சது எஸ்எம்பி 1 மட்டும்தான்.

2017 மே 12. வானாக்ரை வந்துச்சு. விண்டோஸோட எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியா உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டன் அரசு மருத்துவமனைகளையே முடக்கிச்சு. மார்ச் மாசமே பேட்ச் வந்திருந்தும் நிறைய பேர் போடலை. அந்த வருஷ அக்டோபர் அப்டேட்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி 1-ஐக் கழட்ட ஆரம்பிச்சது. விளைவு? பல வீடுகள்ல ரவுட்டர் டிரைவ் திடீர்னு காணாமப் போச்சு. டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு, பேச்சுதான் நின்னுபோச்சு.

இதுக்கு முன்னாடியே இன்னொரு பாடமும் நடந்திருந்தது. 2014-ல் ஆசூஸ் ரவுட்டர்களில் இருந்த குறைகளால், 12,900-க்கும் மேற்பட்டவங்களோட யுஎஸ்பி டிஸ்க்குகளுக்குள்ள ஹேக்கர்கள் நுழைஞ்சாங்க. 2016-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனோட ஆசூஸ் சமரசம் செஞ்சுக்கிட்டது. நிபந்தனை, 20 வருஷத்துக்கு செக்யூரிட்டி ஆடிட்.

அதனால டிரைவ் தெரியலைன்னா, 'எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு'ன்னு யாராவது சொன்னா உடனே பண்ணாதீங்க. அதுல என்கிரிப்ஷனே கிடையாது. முதல்ல ஃபர்ம்வேர் அப்டேட் பாருங்க, எஸ்எம்பி 2 ஆப்ஷன் இருக்கான்னு தேடுங்க. வெளியிலிருந்து டிஸ்க்கைத் திறக்கும் வசதியை மூடுங்க. எதுவுமே இல்லைன்னா, டிஸ்க்கைக் கழட்டி ஒரு பழைய லேப்டாப்ல மாட்டிப் புது சாம்பா போடுங்க. அப்பா அம்மா கல்யாண ஆல்பம் அதுல மட்டும்தான் இருக்குன்னா, இன்னொரு காப்பி இன்னைக்கே எடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!