களிமண்ணும் கனலும்

ஐதராபாத்தில் குடியேறிய நம்மவருக்கு மௌலா அலிக் குன்று புதிதன்று. அதன் சுற்றுப்புறத்தில் பெருங்கற்காலக் கல்லறைகள் கண்டெடுக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய கருப்பு-சிவப்பு மட்கலம் நம் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்ததே. காற்றுப் படாத உட்புறத்தில் கரி படிந்து கருத்தது. காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவந்தது. மண்ணும் கரிமப் பொருளும் சூளையில் என்னாகும் என்பதை அக்குயவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

அதே கேள்வி நம் காலத்தில் வேறு உருவில் எழுந்தது. கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசலைக் கோவில்பட்டியிலும் தக்காணத்திலும் காண்கிறோம். அதற்குக் காரணமான களிமம் மான்ட்மோரில்லோனைட். அது அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகட்டின் கனமும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தகடுகளின் இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீருக்குப் பதிலாக நைலானைப் புகுத்தினால் என்ன?

1980-களில் ஜப்பானின் டொயோட்டா ஆராய்ச்சிக்கூடத்தார் இதைச் செய்து காட்டினர். நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவான களிமண் சேர்ந்ததும், சுமையின் கீழ் 65 பாகை செல்சியஸில் வளைந்த நைலான் 150 பாகை வரை தாங்கிற்று. எவ்வளவு மலிவான துணை!

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. களிமண் எண்ணெய்த்தன்மையான பொருளோடு எளிதில் இணங்காது. ஆகவே நீண்ட சங்கிலியுடைய அம்மோனியம் உப்புகளைத் தகடுகளின் இடையே முதலில் நுழைப்பர். அவையோ 200 பாகையை ஒட்டியே சிதையத் தொடங்குகின்றன. நைலான்-6 உருகுவதோ 220 பாகையில். உருக்கி வார்க்கும்போதே துணைப்பொருள் கெட்டு, விலகிய தகடுகள் மீண்டும் நெருங்கிவிடக்கூடும். அவ்வாறு நெருங்கினால் பெற்ற வலிமையில் பெரும்பங்கு போய்விடும். எக்ஸ் கதிரால் தகடுகளின் இடைவெளியை அளந்து இதனைக் கண்டறிகின்றனர். களிமத்தின் சொந்தக் கட்டமைப்போ 600 பாகையை எட்டும்வரை பெரும்பாலும் குலைவதில்லை. இடையிலிருப்பவரே முதலில் தளர்கின்றார்!

1944-இல் ஐதராபாத்தில் நிஜாம் அரசின் காலத்தில் தோன்றிய ஆராய்ச்சிச்சாலை, 1956-இல் மத்திய விஞ்ஞானக் கழகத்தின் கீழ் வந்தது. இன்று இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது. பல்லுறுப்பிகளும் அதன் ஆராய்ச்சித் துறைகளுள் அடங்கும். அம்மோனியத்துக்குப் பதிலாக அதிக வெப்பம் தாங்கும் இமிடசோலியம், பாஸ்போனியம் உப்புகளை உலகின் பல கூடங்கள் சோதித்துள்ளன. அவை அம்மோனியத்தைவிட விலை கூடியவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.