நாளேடு நம்மை அழைத்த பெயர்

செய்தித்தாள் என்றால் செய்தி சொல்லும் தாள் என்றே பலரும் கருதுவர். அது முழு உண்மையன்று. செய்தியைச் சொல்லுமுன் அது நம்மை ஒரு பெயரிட்டு அழைக்கிறது. எவரை அச்சில் காட்டுவது, எவரை விடுவது என்றும் முடிவு செய்கிறது. படிப்பவர் உள்ளத்தை நாளேடு கவர்வது பெரும்பாலும் இவ்விரண்டினாலேயே. ஜொகூர்த் தமிழரின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோலைப் பார்த்து அழைத்ததே அவர்தம் பெயர். அதிகாரிகளின் அறிக்கைகளிலோ அவர்கள் வெறும் ‘கூலிகள்’. இந்நிலையில் வடக்கே கோலாலம்பூரில் 1924இல் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார். தெற்கே சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். 1937இல் அது நாளேடாயிற்று. 1924இல் ஜொகூர்க் கடற்பாலம் திறக்கப்பட்டுச் சிங்கப்பூரும் தீபகற்பமும் இருப்புப்பாதையால் இணைந்துவிட்டபடியால், இரு நகரங்களின் ஏடுகளும் ஜொகூரை எட்டுவது எளிதாயிற்று.

அந்நாளைய பத்திரிகை நடை வடசொல் மிகுந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் ‘அக்கிராசனர்’. அவர் ஆற்றுவது ‘உபந்நியாசம்’. இரண்டு மூன்று வகுப்போடு படிப்பை விட்ட பால்மரத் தொழிலாளிக்கு இச்சொற்கள் சாத்திய கதவுகளே. பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதைக் கைவிடுமாறு 1929 செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்த சுயமரியாதை இயக்கத்தின் வழி நின்றவர் சாரங்கபாணி. அவ்வியக்கமும் தனித்தமிழ் இயக்கமும் பரப்பிய ‘திரு’, ‘தலைவர்’, ‘சொற்பொழிவு’ முதலிய சொற்கள் மெல்ல மெல்ல மலாயாத் தமிழ் ஏடுகளிலும் வேரூன்றின. செல்வருக்கும் தொழிலாளிக்கும் ஒரே ‘திரு’ என்பது வெறும் இலக்கண மாற்றமா? அன்று, அது சமுதாய மாற்றம்.

முரசின் தொடக்க விலை ஒரு காசு. விலை குறைந்தால் மட்டும் போதுமா? எழுத்தறியாதார்க்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவது லயங்களில் இருந்த வழக்கம். கண்ணுக்காக எழுதிய நெடுவாக்கியம் அங்கே செல்லாது. காதுக்கேற்ற சிறுவாக்கியமே செல்லும்.

அடுத்து, அச்சில் இடம்பெறும் உரிமை. 1950, 1951ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தி வாசகரை எழுத்தாளராக்க முயன்றனர். முரசின் மாணவர் மணிமன்றம் இளைஞர் எழுத்துக்கு இடமளித்தது. பின்னர் ஊர்தோறும் மணிமன்றங்கள் தோன்ற அதுவே வித்தாயிற்று. தன் பெயரையும் தன் ஊரையும் அச்சில் கண்ட ஒருவன் அந்த ஏட்டை வேற்றார் பொருளாக எண்ணுவானா?

மலாய் ஏடுகளும் இவ்வழியே சென்றன. ஜொகூர் பாருவில் பிறந்த டத்தோ ஓன் ஜாபார் 1930இல் தொடங்கிய ‘வார்த்தா மலாயா’வின் ஆசிரியராய் இருந்தவர். வெவ்வேறு சுல்தான்களின் குடிகளாய் நின்றோரை ‘பங்சா’ என்னும் ஒரே சொல்லால் மலாய் ஏடுகள் அழைத்தன. 1946இல் ஜொகூர் பாருவில் அம்னோ பிறந்தபோது, அந்த அழைப்பு பல ஆண்டுப் பழக்கமாகியிருந்தது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. அழைக்கும் பெயர் எதுவாயினும் அது சிலரை உள்ளே சேர்க்கும். சிலரை வெளியே நிறுத்தும். 1952இல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், சாதி கடந்து ‘தமிழர்’ என்னும் பெயரால் நம்மை ஒன்று சேர்த்தது. ஆனால் அதே லயத்தில், அடுத்த கதவில் வாழ்ந்த தெலுங்கரும் மலையாளிகளும் அப்பெயருக்குள் அடங்கவில்லை. தோட்டத்துப் பெண்களும் பால் வெட்டினர். எனினும் மேடைகளின் தலைமை ஆடவரிடமே இருந்ததால், செய்திப் பத்திகளிலும் ஆடவர் பெயரே மிகுந்தது.

‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. முரசு சிங்கப்பூரில் தொடர்ந்து வெளிவருகிறது. ஜொகூர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. நம்மவர் பலர் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் எனப் பட்டணம் புகுந்தனர். அவர்களை இன்றைய ஏடு எப்பெயரால் அழைக்கிறது? வாடிக்கையாளர் என்றா, வாக்காளர் என்றா, உடன்பிறந்தார் என்றா? நாளேட்டைக் கையில் எடுக்கும்போது தலைப்புச் செய்தியோடு இதனையும் சேர்த்துப் படித்தல் நன்று.