குளோஸ்டர் கேப்டன்கள்

குளோஸ்டர் கேப்டன்கள் என்பது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்களில் ஆழ்கடலுக்குப் போய் மீன்பிடித்த கப்பல் தலைவர்களைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1953 வரை இவர்களின் காலம் நீண்டது. ஊர் அமைந்திருப்பது கேப் ஆன் முனையில். 1623இல் ஆங்கிலேயர் இங்கே குடியேறினர். 1643இல் அனிஸ்குவாம் கழிமுகத்தையும் துறைமுகத்தையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டப்பட, முனையின் பெரும்பகுதி தீவாயிற்று. கருங்கல் பூமி, உழவுக்கு ஏற்றதல்ல. பிழைப்புக்கு இருந்தது கடலும் அதிலுள்ள காட் மீனும்தான். உப்பிட்டு உலர்த்திய காட் ஐரோப்பாவுக்குப் போனது. தரம் குறைந்தது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு உணவாகப் போனது.

இரண்டு மரங்களில் நெட்டுவாக்கில் பாய் கட்டும் ஸ்கூனர் வகைக் கப்பல் 1713இல் இதே ஊரில்தான் முதலில் கட்டப்பட்டது என்பது ஊர்வழக்கு. அந்த ஸ்கூனர்கள் குளிர்காலத்தில் தேடிப்போன இடம், கேப் காட் முனைக்குக் கிழக்கே உள்ள ஜார்ஜஸ் திட்டு. ஆழம் குறைவு, நீரோட்டம் கடுமை, மீன் ஏராளம். கப்பல்கள் நெருக்கமாக நங்கூரமிட்டு நிற்கும். புயலில் ஒரு கப்பலின் நங்கூரம் பிடிவிட்டால், அது காற்றோடு வந்து, காற்றின் போக்கில் அடுத்து நிற்கும் கப்பல்மீது மோதி இரண்டும் மூழ்கும். ஆகவே இரவுக் காவலில் நங்கூரக் கயிற்றின் அருகே கோடரியோடு ஓர் ஆள் நிற்பார். வெட்டு என்று சொல்ல வேண்டியவர் கேப்டன். முன்கூட்டியே வெட்டினால் கயிறும் நங்கூரமும் மீன்பாடும் போச்சு; ஒரு நொடி தாமதித்தால் எல்லாமே போச்சு. 1862 பிப்ரவரி 24 இரவு அடித்த புயலில் 15 ஸ்கூனர்களும் 120 பேரும் திரும்பவில்லை.

ஒரு கேப்டனின் பெயர் நிலைத்தது அவர் மீன் கண்டுபிடிக்கும் திறமையால். கருவி என்று பெரிதாக ஏதுமில்லை: திசைகாட்டி, கடிகாரம், கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கொழுப்போ சோப்போ அடைத்து இறக்குவார்கள். எத்தனை பாகம் ஆழம் என்பதைக் கயிறு சொல்லும். கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா, சரளையா, சிப்பித் தூளா என்பதைக் கேப்டன் விரலால் தேய்த்துப் பார்ப்பார். ஆழமும் அடிமண்ணும் சேர்ந்தால், மூடுபனியிலும் கப்பல் எந்தத் திட்டின் எந்த ஓரத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கூலிக்குப் பதில் மீன்பாட்டில் பங்கு என்ற முறையில் வேலை நடந்ததால், மீன் காணாத கேப்டனோடு அடுத்த முறை ஆள் ஏறாது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் டோரி முறை வந்தது. டோரி என்பது தட்டை அடி கொண்ட சிறுபடகு. உட்காரும் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக மேல்தளத்தில் அடுக்கலாம். திட்டை அடைந்ததும் ஒவ்வொரு டோரியிலும் இரண்டு பேர் இறங்குவார்கள். நம் கரைகளில் ஆயிரங்கால் தூண்டில் என்கிறோமே, அதைப் போன்ற நீண்ட தூண்டில் கயிற்றைக் கடலடியில் விரித்து, பிறகு கையால் இழுத்து எடுப்பார்கள். கப்பலில் மிஞ்சுவது பெரும்பாலும் கேப்டனும் சமையல்காரரும் மட்டுமே. பனி இறங்கினால் கேப்டன் ஊதுகொம்பை ஊதி ஊதித் தன் ஆட்களை அழைப்பார். மீன்பாடு பல மடங்கு பெருகியது. வழிதவறிய டோரிகளும் பெருகின.

ஹோவர்ட் பிளாக்பர்ன் கதை இங்கிருந்து பிறந்ததுதான். 1883 ஜனவரியில், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே ஹாலிபட் மீன்பிடியின்போது, பனிப்புயலில் அவரும் தோழர் டாம் வெல்ச்சும் தாய்க்கப்பலைத் தவறவிட்டனர். கையுறை கடலில் போய்விட்டது. விரல்கள் உறையப்போவது உறுதி என்று தெரிந்ததும், உறைந்தபின்னும் துடுப்பு பிடிக்க வசதியாக அவற்றைத் துடுப்பைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டார். வெல்ச் வழியிலேயே இறந்தார். உடலைக் கடலில் போடாமல், பிளாக்பர்ன் ஐந்தாம் நாள் கரை சேர்ந்தார். விரல்கள் அத்தனையும் போயின. பின்னர் ஊரில் மதுக்கடை நடத்திய அவர், 1899இல் சிறு பாய்ப்படகில் தனியே அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்தின் குளோஸ்டரை அடைந்தார். 1901இல் போர்ச்சுகலுக்கும் போனார். ஊர் அவரை வீரராகக் கொண்டாடியது நியாயம்தான். ஆனால் பனிப்புயல் மாதத்தில் இரண்டு பேரைத் திறந்த படகில் இறக்கிவிட்ட தொழில்முறையை அந்தக் கொண்டாட்டம் கேள்வி கேட்கவில்லை.

தொழிலின் மற்றோர் ஆபத்தைக் கேள்வி கேட்டவர் ஒரு கேப்டன், ஜோசப் காலின்ஸ். புதுமீனை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவரும் போட்டியில், ஸ்கூனர்கள் அகலமாக, ஆழம் குறைவாக, அளவுக்கு மீறிய பாயோடு கட்டப்பட்டன. ஒருபக்கம் சாய்ந்தால் அவை நிமிர்வதில்லை. 1879 ஒரே ஆண்டில் குளோஸ்டர் 29 கப்பல்களையும் 249 பேரையும் இழந்தது. கேப்டன் வேலையிலிருந்து அரசு மீன்வள ஆணையத்துக்குப் போன காலின்ஸ், ஆழமான அடிப்பாகம் வேண்டும் என்று விடாமல் எழுதினார். 1886இல் ‘கிராம்பஸ்’ என்ற கப்பலை அப்படியே கட்டவும் வைத்தார். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நீண்டிருந்த மரம் இன்னொரு பலிபீடம். அதில் ஏறிப் பாய் சுருட்டும்போது அலை அடித்துச் சென்றவர் பலர். தாமஸ் மக்மானஸ் வடிவமைத்த ‘ஹெலன் பி. தாமஸ்’ (1902) அந்த மரம் இல்லாமலேயே வந்தது. என் கணிப்பில், மீன்பாட்டுச் சாதனைகளைவிட இந்த இருவரின் வேலை பெரிது.

கானாங்கெளுத்தியைச் சுருக்குமடியில் பிடித்தவர்களில் பேர்போனவர் சாலமன் ஜேக்கப்ஸ். 1900இல் அவர் ‘ஹெலன் மில்லர் கூல்ட்’ ஸ்கூனரில் பெட்ரோல் எஞ்சின் பொருத்தினார். மறு ஆண்டே அது எரிந்துபோனது. ஆனால் ஸ்கூனரில் எஞ்சின் பொருத்தும் வழக்கம் நிலைத்துவிட்டது.

கேப்டன்களில் உள்ளூர் ஆங்கிலேய வம்சாவளியினர் காலப்போக்கில் குறைந்தனர். நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களும், அசோர்ஸ் தீவுகளின் போர்ச்சுகீசியரும், பிறகு சிசிலிக்காரர்களும் வந்தனர். போர்ச்சுகீசியர் கட்டிய நற்பயண மாதா ஆலயத்தின் உச்சியில், மாதாவின் இடக்கையில் குழந்தைக்குப் பதிலாக ஸ்கூனர் இருக்கிறது. நம் முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரும் போர்ச்சுகீசியர் காலத்தில் மதம் மாறியவர்களே என்பதால், அந்தச் சிலை தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு அந்நியமாகத் தோன்றாது. சிசிலிக்காரர்கள் 1927 முதல் புனித பேதுரு திருவிழா எடுக்கிறார்கள்.

1897இல் வந்த கிப்ளிங்கின் நாவல் குளோஸ்டர் கேப்டனை உலகறியச் செய்தது. 1920இல் நோவா ஸ்கோஷியாவுடன் மீன்பிடிக் கப்பல் பந்தயம் தொடங்கியபோது, மார்ட்டி வெல்ச்சின் ‘எஸ்பெரான்டோ’ வென்றது. அடுத்த ஆண்டு ஆங்கஸ் வால்டர்ஸின் ‘புளூநோஸ்’ பறித்த கோப்பை குளோஸ்டருக்குத் திரும்பவே இல்லை. கடைசிப் பந்தயம் 1938இல். அதே ஆண்டு ஆகஸ்டில் இத்துறைமுகத்துக்கு ஒரு தமிழ்க் கப்பல் வந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’யை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல் (கப்பல் தலைவர்) தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் சூயஸ் வழியாக அதைக் குளோஸ்டருக்கு ஓட்டிவந்து சேர்த்தனர்.

அதற்குள் இழுவைமடிக் கப்பல்கள் கடலை எடுத்துக்கொண்டிருந்தன. 1926இல் கட்டிய ‘அட்வெஞ்சர்’ டோரி முறையை 1953 வரை தாக்குப்பிடித்தது. அதன் கேப்டன் லியோ ஹைன்ஸ் ஓய்வுபெறும்போது டோரிகளில் இறங்க ஆள் கிடைப்பதே பாடாகிவிட்டது. துறைமுகத்தைப் பார்த்தபடி 1925இல் நிறுவிய சுக்கான் பிடிக்கும் மீனவர் சிலையைச் சுற்றி, கடலில் மாண்ட 5,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டு ஆலைக் கப்பல்கள் 1960களில் வாரி எடுத்ததும், அவற்றை 1976 சட்டம் விலக்கியபின் உள்நாட்டுக் கப்பல்களே வாரியதும் சேர்ந்து காட் இனத்தைச் சரித்தன. 1994இல் ஜார்ஜஸ் திட்டின் பெரும்பகுதிகள் மூடப்பட்டன. காட் இன்னும் மீளவில்லை. இன்று குளோஸ்டரில் இறங்கும் கடல் பொருள்களில் அதிகப் பணம் தருவது சிங்கி இறால்.