ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சிப் படை (அமெரிக்கா)

அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டப்படிப்போடு சேர்த்தே ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் திட்டம், சுருக்கமாக ஆர்.ஓ.டி.சி. 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உருவம் கொடுத்தது என்றாலும் வேர் இன்னும் பழையது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் தலைவராக இருந்து விலகிய ஆல்டன் பார்ட்ரிட்ஜ், 1819இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அதுவே இன்றைய நார்விச் பல்கலைக்கழகம். படைத்தலைமை ஒரு தனிச் சாதியாக ஒதுங்கிவிடக் கூடாது, குடிமக்களோடு படித்து வளர்ந்தவர்களும் அதில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசு நிலம் பெற்ற கல்லூரிகள் வேளாண்மை, பொறியியலோடு போர்ப்பயிற்சியும் கற்பிக்க வேண்டும் என்று 1862ஆம் ஆண்டின் மாரில் சட்டம் விதித்தது. ஆர்.ஓ.டி.சி.யின் நியாயம் இன்றும் பார்ட்ரிட்ஜின் அந்தக் கொள்கையில்தான் இருக்கிறது.

விடியற்காலையில் உடற்பயிற்சி, பிறகு மற்ற மாணவர்களோடு வழக்கமான வகுப்பு, வாரந்தோறும் களப்பயிற்சி என்று கேடட் எனப்படும் பயிற்சி மாணவரின் நாட்கள் நகரும். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் தரைப்படை கேடட்டுகள் கென்டக்கியிலுள்ள ஃபோர்ட் நாக்ஸ் முகாமில், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் வழி காண்பதிலும் சக கேடட்டுகளை வழிநடத்துவதிலும் சோதிக்கப்படுகிறார்கள். பட்டம் பெற்றதும் இரண்டாம் லெப்டினன்ட் பதவி. தனக்கு முதல் சல்யூட் அடிக்கும் வீரரின் கையில் புதிய அதிகாரி வெள்ளி டாலர் ஒன்றை வைப்பது மரபு. ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகனான காலின் பவல், நியூயார்க் சிட்டி கல்லூரியில் நிலவியல் படித்துக்கொண்டே பயிற்சி பெற்று 1958இல் அதிகாரியானார். 1989இல் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார். இத்திட்டத்தின் வழியாக வந்து அப்பதவியை எட்டியவர்களில் அவரே முதல்வர்.

பல்கலைக்கழகம் போருக்கு ஆள் தயாரிக்கலாமா என்பது இத்திட்டத்தின் மீதான பெரிய ஆட்சேபம். வியட்நாம் போரின்போது அது கொந்தளிப்பாக வெடித்தது. 1970 மே மாதம் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆர்.ஓ.டி.சி. கட்டடம் தீக்கிரையானது. ஹார்வர்டு, யேல், கொலம்பியா ஆகியவை திட்டத்தை வெளியேற்றின. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவை கதவடைத்ததால் போர் நிற்கவில்லை. அதை நடத்தும் அதிகாரிகள் மட்டும் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தார்கள். ராணுவத்தில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் வெளிப்படையாகப் பணிபுரியத் தடை இருந்ததும் பின்னாளில் இந்த விலகலை நீட்டித்தது. அத்தடையை நீக்கும் சட்டம் 2010இல் நிறைவேறியபின், 2011இல் ஹார்வர்டு கடற்படைப் பிரிவை மீண்டும் ஏற்றது. இத்திட்டம் தரும் உதவித்தொகை ஏழை மாணவரை வலையில் சிக்கவைக்கிறது என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. உதவித்தொகை பெறுபவர் பொதுவாக எட்டாண்டுக் கடமையை ஏற்கிறார். அதில் ஒரு பகுதி ரிசர்வ் படையில் கழியலாம். நான்காண்டு உதவித்தொகையில் முதலாண்டு முடிவதற்குள் கடனின்றி விலகலாம் என்பது சட்டப்படி சரியான பதில். பணம் நின்றால் படிப்பே நின்றுவிடும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது. அவருக்கு நிபந்தனையற்ற கல்வி உதவியும் கிடைக்கும்போதுதான் அவர் போடும் கையெழுத்து முழுச் சம்மதமாகும்.