குவியம் தவறும் கேமரா: வரலாறு சொல்லும் விடை

 

திடல்தடப் போட்டி, பொங்கல் விழா, பரிசளிப்பு விழா என்று தமிழ்ப்பள்ளிகளில் இன்று கேமரா இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் நடைபெறுவதில்லை. அண்மைக் காலமாக ஆசிரிய நண்பர்கள் சிலர் ஒரே குறையைச் சொல்லக் கேட்கிறேன். "நேற்றுவரை நன்றாக இருந்த கேமரா, ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு மங்கலாகப் படம் எடுக்கிறது" என்பதே அது. ஃபர்ம்வேர் என்பதை நாம் நிலைபொருள் என்கிறோம். கருவியின் உள்ளே நிலையாகப் பதிந்திருந்து அதை இயக்கும் கட்டளைத் தொகுப்பு அது. இக்கட்டளைகளை மாற்றினால் லென்ஸ் ஏன் தடுமாற வேண்டும்? விடை காண, ஏறத்தாழ 50 ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.

கண்ணின் வேலை கருவிக்குப் போனது

நம் பெற்றோர் காலத்துக் கேமராவில் குவியத்தை முடிவு செய்தது மனிதக் கண். லென்ஸின் வளையத்தைக் கை திருப்பும். தெளிவைக் கண் தீர்மானிக்கும். இவ்வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும் ஆய்வில் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1960களிலேயே ஈடுபட்டது. 'கோரெஃபோட்' என்னும் சோதனைக் கருவியை 1976ஆம் ஆண்டு ஃபோட்டோகினா கண்காட்சியில் அது காட்டியது. ஆயினும் மக்கள் கைக்குப் பெருமளவில் வந்த முதல் தானியங்கிக் குவியக் கேமரா ஜப்பானின் கோனிகா சி35 ஏஎஃப், ஆண்டு 1977. அதன் உள்ளே இருந்தது அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய 'விசிட்ரோனிக்' என்னும் பாகம். இரு சிறு சாளரங்களின் வழியே வரும் இரு காட்சிகளை ஒப்பிட்டு, அவை ஒத்துப் போகும் இடத்தைக் கண்டறிவதே அதன் பணி.

மறு ஆண்டே, 1978இல், போலராய்டு நிறுவனம் வேறு வழியில் சென்றது. வௌவாலைப் போல மீயொலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளந்தது. இருளிலும் அது வேலை செய்தது. ஆனால் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் நிற்பவரைப் படம் எடுத்தால் தோற்றது. ஒலி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடும் அல்லவா? ஒவ்வொரு முறைக்கும் அதற்கே உரிய குருட்டுப் புள்ளி உண்டு என்பதை அன்றே வரலாறு காட்டிவிட்டது.

லென்ஸும் உடலும் பேசத் தொடங்கிய காலம்

லென்ஸின் வழியே வரும் ஒளியைக் கொண்டே குவியம் காணும் 35 மி.மீ. கேமராவை 1981இல் பெண்டாக்ஸ் வெளியிட்டது. 1985இல் வந்த மினோல்டா 7000தான் பெருவெற்றி பெற்றது. குவியத்துக்கான மோட்டார் அதன் உடலுக்குள்ளேயே இருந்தது. தன் காப்புரிமை மீறப்பட்டது என்று ஹனிவெல் வழக்குத் தொடுத்தது. 1992இல் மினோல்டா 127.5 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்தி அவ்வழக்கை முடித்துக்கொண்டது.

1987ஆம் ஆண்டைச் சற்று நினைவில் நிறுத்துங்கள். அவ்வாண்டு கேனன் நிறுவனம் இஓஎஸ் வரிசையை அறிமுகப்படுத்தியது. பழைய லென்ஸ்களைப் புதிய உடலில் பொருத்த இயலாது என்னும் கடினமான முடிவை எடுத்து, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே எந்திரப் பிணைப்பு எதுவும் இல்லை; மின்தொடர்பு மட்டுமே இருந்தது. "இவ்வளவு நகர்" என்று உடல் சொல்லும். "நகர்ந்தேன்" என்று லென்ஸ் மறுமொழி கூறும். அன்று முதல் குவியம் என்பது இருவருக்கு இடையிலான உரையாடல் ஆயிற்று. ஒருவர் மட்டும் மொழியை மாற்றிக்கொண்டால் மற்றவர் விழிப்பார். இன்றைய சிக்கல்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரு முறைகள், இரு குணங்கள்

குவியம் காணும் முறைகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, வானொலியில் நிலையத்தைத் தேடுவதுபோல முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளி நிழல் வேறுபாடு மிகுந்து தெரியும் இடத்தில் நிற்பது. இது துல்லியமானது, ஆனால் மெதுவானது. மற்றொன்று, லென்ஸின் இரு பகுதிகளில் இருந்து வரும் ஒளியை ஒப்பிடுவது. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பது இதில் ஒரே நொடியில் தெரிந்துவிடும். கேனன் 70டி கேமரா 2013இல் இந்த இரண்டாம் முறையைப் படம் பதியும் உணரியிலேயே கொண்டுவந்தது. அதற்குப் பின் கணக்கீட்டின் பங்கு மேலும் பெருகியது.

இதனால் நன்மையும் விளைந்தது. 2019 மார்ச்சில் சோனி ஏ9 கேமராவும், அதே ஆண்டு மே மாதத்தில் நிக்கான் இசட்6, இசட்7 கேமராக்களும் வெறும் நிலைபொருள் புதுப்பிப்பால் புதுத்திறன் பெற்றன. முன்னது நகரும் உருவத்தை விடாது பின்தொடரும் ஆற்றலைப் பெற்றது. பின்னவை கண்ணைக் கண்டறிந்து குவியும் ஆற்றலைப் பெற்றன. பணம் செலவழிக்காமலே பழைய கேமரா புதியதானது.

ஆனால் எல்லாக் குறையையும் கட்டளைகளால் தீர்க்க முடியாது. 2007இல் வெளிவந்த கேனன் 1டி மார்க் 3 கேமரா, ஓடும் வீரர்களைப் பின்தொடர்வதில் தடுமாறுவதாக விளையாட்டுப் படக்கலைஞர்கள் முறையிட்டனர். நிறுவனம் நிலைபொருளைத் திருத்தியது. அதோடு நில்லாமல், குவிய உணரிக்கு ஒளியை அனுப்பும் துணைக் கண்ணாடியின் அமைப்பையும் சரிசெய்து தர நேர்ந்தது. குறை மென்மையான பகுதியிலா, வன்மையான பகுதியிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

எங்கள் பள்ளியில் நடந்தது

எங்கள் பள்ளியின் கேமரா பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்தது. உணவுச் சந்தையில் பெற்றோர்கள் விற்ற ஒவ்வொரு தட்டுச் சோறும் அதில் அடங்கியிருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர் 11 பேரின் பிரியாவிடைப் படம் எடுக்க வேண்டிய வாரத்தில் அக்கேமராவுக்குப் புதுப்பிப்பு நடந்தது. உடனே பெரிய லென்ஸ் முன்னும் பின்னும் அலையத் தொடங்கியது. பின்வரிசை முகங்கள் மங்கின. பழுது பார்க்கும் கடையில், "லென்ஸின் மோட்டார் போய்விட்டது, 800 ரிங்கிட் ஆகும்" என்றார்கள். சங்கப் பொருளாளர் முகம் வாடிவிட்டது.

மோட்டார் பழுதென்றால் அது புதுப்பித்த அன்றே நேர்ந்தது எப்படி என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. கேமராவோடு வந்த சிறிய லென்ஸைப் பொருத்தினோம். குவியம் சரியாக இருந்தது. பெரிய லென்ஸோ வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. அந்நிறுவனம் தன் லென்ஸுக்கென்று தனியே ஒரு புதுப்பிப்பு வெளியிட்டிருந்தது. அதைப் பதிந்ததும் அலைச்சல் நின்றது. முகமறிதல் அமைப்பும் தொடக்க நிலைக்குத் திரும்பி அணைந்திருந்தது, அதனையும் இயக்கினோம். 11 முகங்களும் தெளிவாகப் பதிந்தன. ஒரு ரிங்கிட்கூடச் செலவாகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. லென்ஸில் உள்ள பொத்தான் 'எம்எஃப்' பக்கம் தள்ளப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மிக எளிய காரணத்தை முதலில் நீக்குவதே முறை.

2. புதுப்பிப்புக்குப் பின் அமைப்புகள் மாறியிருக்கலாம். குவிய முறை, குவியப் பரப்பு, முகமறிதல் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அமைப்புகளை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வைத்தல் நலம்.

3. வேறொரு லென்ஸைப் பொருத்திச் சோதியுங்கள். ஒரு லென்ஸில் மட்டும் குறை என்றால் உரையாடல் முறிந்திருக்கிறது. அந்த லென்ஸுக்கான புதுப்பிப்பைத் தேடுங்கள். எல்லா லென்ஸிலும் குறை என்றால் உடலை ஆராயுங்கள்.

4. கேமராவை அணைத்து, லென்ஸின் உலோகத் தொடுபுள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள்.

5. முக்காலியில் நிறுத்தி, அச்சிட்ட தாள் ஒன்றைக் கையால் குவித்தும், தானாகக் குவியவிட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டுமே மங்கலானால் குறை குவியத்தில் மட்டும் இல்லை என்று பொருள்.

6. இவற்றால் தீராவிடில் தொடக்க நிலைக்கு மீட்டு அமையுங்கள். அதன் பின்னரே பழுது நிலையத்தை நாடுங்கள்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். பல கேமராக்களில் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே விழாவுக்கு முதல் வாரம் எதையும் புதுப்பிக்காதீர்கள். புதுப்பிக்கும்போது மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் அறுந்தால் கேமராவே முடங்கக்கூடும்.

காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கி உண்மையை அடையும் இம்முறையைத்தான் அறிவியல் பாடத்தில் 'மாறியைக் கட்டுப்படுத்துதல்' என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். மாறியது எது, மாறாதது எது என்று குறித்துக்கொள். பெற்றோர்களே, வீட்டில் ஒரு கருவி பழுதானால் பிள்ளைகளை அப்பால் போகச் சொல்லாதீர்கள், பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். "புதிது வாங்கலாம்" என்பதற்கு முன் "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் முளைக்கிறது.

உங்கள் பள்ளிக் கேமராவில் இத்தகைய சிக்கல் நேர்ந்திருந்தால், எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். மற்ற பள்ளிகளுக்கும் பயன்படும்.