ஜன்னல் வெச்சா கார், அடுப்பு வெச்சா வீடு

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க வீட்டு வாசல்ல நிற்கிற பழைய மாருதி ஆம்னி. அப்பா தன் மளிகைக் கடைக்காக வருஷக்கணக்கா ஓட்டின வண்டி. 796 சிசி என்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். மே மாசம் அந்த சீட்டில் உட்கார்றவங்க நிலைமை என்னன்னு ஆம்னி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் தங்கச்சி ஒரு யோசனை சொன்னாள். கூரையை வெட்டி உயர்த்தி, உள்ளே கட்டில், சின்ன சமையல் மேடை எல்லாம் வெச்சு கேம்பர்வேனா மாத்திடலாம்னு. புதுப்பேட்டையில் ஒரு பாடி ஒர்க் அண்ணனிடம் போய்க் கேட்டேன். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "வெட்டுறது ரெண்டு நாள் வேலை தம்பி. ஆர்.சி. புக்குக்கு என்ன பதில் சொல்வீங்க?" என்றார்.

அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சேன். கேம்பர்வேனோட வரலாறே கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான்னு அப்புறம்தான் தெரிஞ்சது. இந்த வண்டி சரக்கு வண்டியா, காரா, வீடா? அதை யார் முடிவு பண்றது?

முதலில் போருக்குப் பிந்தைய ஜெர்மனி. ஃபோக்ஸ்வாகன் கார்களை நெதர்லாந்தில் விற்றவர் பென் பான். வோல்ஃப்ஸ்பர்க் ஆலைக்குள் பாகங்களை இழுத்துப்போக ஊழியர்களே ஒட்டுப்போட்டுச் செய்த ஒரு தட்டு வண்டி அவர் கண்ணில் பட்டது. 1947 ஏப்ரலில் தன் குறிப்பேட்டில் ஒரு படம் கிறுக்கினார். பெட்டி மாதிரி உடம்பு, முன்னால் ஓட்டுநர், பின்னால் என்ஜின், நடுவில் சரக்கு. 1950இல் அந்த வேன் உற்பத்திக்கு வந்தது. நாம இன்னைக்கு ஹிப்பி வண்டின்னு டி-ஷர்ட்டில் போட்டுக்கிறோமே, அதேதான். பிறக்கும்போது அது கடைக்காரர்களோட வண்டி.

அடுத்த வருஷமே, 1951இல், வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் ஒரு சாமானைக் கொண்டுவந்தது. பெயர் கேம்பிங் பாக்ஸ். வேனுக்குள் வைக்கிற மர அலமாரி, பிரித்துப்போட்டால் படுக்கை. இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதை வெளியே எடுத்துடலாம் என்பதுதான். வார நாட்களில் சரக்கு, வார இறுதியில் குடும்பம். போரில் நொறுங்கிய நாட்டில் சம்பாதிக்க ஒரு வண்டி, சுற்ற ஒரு வண்டின்னு ரெண்டு வாங்க எத்தனை பேருக்கு வசதி இருந்திருக்கும்? ஒரே வண்டி ரெண்டு வேஷம் போட்டது. தகட்டில் ஒரு கோடு கூட வெட்டவில்லை.

பிரிட்டனில் கதை வேற மாதிரி போச்சு. அங்கே வில்லன், இல்லைன்னா கதாநாயகன், வரி. போர்க்காலத்தில், 1940இல், பர்ச்சேஸ் டாக்ஸ் என்று ஒரு விற்பனை வரி கொண்டுவந்தார்கள். போர் முடிந்தது, வரி போகவில்லை. கார் வாங்கினால் வரி, அதுவும் தீட்டித் தள்ளும் அளவுக்கு. சரக்கு வேனுக்கு அந்த அளவு வரி இல்லை. உடனே நம்ம மூளை வேலை செய்யும் இல்லையா? வேனை வாங்கிப் பக்கத்தில் ஜன்னல் வெட்டி, பின்னால் சீட் போட்டால் மலிவான கார்! அதையும் அரசாங்கம் யோசித்திருந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் பக்கவாட்டில் ஜன்னல் வைத்தால் அது காராகிவிடும், வரி கட்டு.

ஆனால் ஒரு சந்து இருந்தது. படுக்கை, மேசை, அடுப்பு என்று வீட்டுச் சாமான்களை நிலையாகப் பொருத்திவிட்டால் அது மோட்டார் கேரவன். அதற்கு இந்த வரி கிடையாது. அதாவது கண்ணாடி வெச்சா கார், கூடவே அடுப்பும் வெச்சா வீடு. ஃபோக்ஸ்டன் ஊரில் மார்ட்டின் வால்டர் என்ற கம்பெனி பெட்ஃபோர்ட் வேன்களை டார்மொபைல் என்ற பெயரில் மாற்றிக்கொடுத்தது. மடக்கினால் மெத்தையாகும் சீட்டுகள், பிறகு பக்கவாட்டில் திறந்து எழும்பும் கோடு போட்ட துணிக்கூரை. எங்க தங்கச்சி கேட்டது அந்தக் கூரையைத்தான், அவளுக்குத் தெரியாமலே. கம்பெனியிடம் போக முடியாதவங்க ஓடித் தேய்ந்த பழைய வேனை வாங்கி வீட்டு வாசலிலேயே பலகை அறுத்தார்கள்.

வரி தப்பியது, வேகம் மாட்டியது. சரக்கு வண்டி மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம். பீட்டர் பிட் என்பவர் வேன்களை கேம்பராக மாற்றி விற்றவர். கேம்பர்வேன் ஆட்கள் அவரைப் பற்றி விடாமல் சொல்லும் ஒரு கதை உண்டு. வணிக வண்டிகளுக்கு அனுமதியில்லாத வின்ட்சர் கிரேட் பார்க்குக்குள் வேண்டுமென்றே தன் கேம்பரை ஓட்டிப்போய் மாட்டிக்கொண்டாராம். வழக்கு போடட்டும், இது சரக்கு வண்டி இல்லைன்னு நீதிமன்றமே சொல்லட்டும் என்பது கணக்கு. அப்படியே தீர்ப்பும் வாங்கினாராம். நம்ம ஊரில் இந்த வேலையைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை, முன்னாடியே சொல்லிடறேன்.

1973இல் வாட் வந்து அந்தப் பழைய வரியைத் துடைத்தது. இன்றைக்கு அதே பிரிட்டனில் வேனை மோட்டார் கேரவன் என்று பதிவேட்டில் மாற்றக் கேட்டால், பக்கவாட்டில் ஜன்னல் இருக்கா, வெளியிலிருந்து பார்த்தால் கேம்பர் மாதிரி தெரியுதா என்றுதான் பார்க்கிறார்கள். அன்று மாட்டிவிட்ட ஜன்னல் இன்று சாட்சி சொல்லுது.

சரி, நம்ம ஆம்னி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் இருப்பது மாறிப்போகிற மாதிரி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. கூரையை வெட்டுவது அதில் வராது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. எரிச்சலாதான் இருந்தது. ஆனா கிரைண்டர் போட்டு அறுத்த கூரை விபத்தில் எப்படி நசுங்கும்னு யோசிச்சா, அந்த எரிச்சல் பாதி இறங்கிடுது.

அப்பாகிட்ட இதையெல்லாம் ஒரு ராத்திரி உட்கார்ந்து சொன்னேன். வரி, வின்ட்சர் எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. கேம்பிங் பாக்ஸ் படத்தை மட்டும் ரெண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். "இது நம்ம தெரு ஆசாரி செய்வாரேடா."

செய்தார். பிளைவுட், நாலு கீல். பின் சீட்டைக் கழற்றவில்லை, மடிச்சுப்போட்டு அதுமேல பலகை விரிகிற மாதிரி ஒரு பெட்டி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் ஆம்னி மூச்சிரைக்க ஏறியது. ரோட்டோரம் படுக்க அம்மா ஒத்துக்கவே இல்லை. கடைசியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, அம்மாவும் தங்கச்சியும் உள்ளே, நானும் அப்பாவும் லாட்ஜ் காம்பவுண்டுக்குள் வேனில். கால் நீட்ட முடியாமல் ரெண்டு பேரும் பாதி ராத்திரி கடை திறந்த காலத்துக் கதை பேசினோம். அவர் கடன் வாங்கின கதையை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் எழுந்து வர்றதுக்குள்ள பெட்டியை இறக்கிட்டு, பருப்பு மூட்டை ஏத்திட்டுக் கிளம்பிட்டார். பெட்டி இப்போ மொட்டை மாடியில் இருக்கு. பலகையை விரிச்சு அம்மா அதுமேல வடகம் காயப் போட்டிருக்காங்க.